"நம்ம ஊர்ல அதெல்லாம் வராதும்மா" என்கிற டாக்டரிடம் சீலியாக் பரிசோதனை கேட்பது எப்படி?

முதலில் ஒன்று: கோதுமையை இன்னும் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம். கோதுமை சாப்பிட்டால் சிறுகுடல் கெடுகிற நோய்தான் சீலியாக். அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையும் சரி, குடலில் சதை எடுத்துப் பார்ப்பதும் சரி, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் சரியான பதில் தரும். "எதற்கும் ரெண்டு மாசம் சப்பாத்தியை விட்டுப் பாப்போம்" என்று வீட்டிலேயே முடிவெடுத்து, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு டெஸ்டுக்குப் போகிறவர்களுக்கு ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வர நிறைய வாய்ப்பு உண்டு. சந்தேகப்பட்ட டாக்டருக்கு அந்த ஒரு தாளே போதும், ஃபைலை மூடிவிடுவார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உள்பக்கம் பூந்துவாலையின் நூல்போல நிமிர்ந்து நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். பிறகு இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இது அலர்ஜி அல்ல. கோதுமை அலர்ஜிக்குப் பார்க்கும் ஐஜிஇ டெஸ்டில் சீலியாக் தெரியாது.

டாக்டர் ஏன் தட்டிக்கழிக்கிறார்

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு போனால் பேச்சு சண்டையாகாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். சீலியாக்கின் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 100-க்கு 1.23, வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. தமிழ்நாட்டில் படித்துத் தமிழ்நாட்டிலேயே பார்க்கும் ஒரு டாக்டர் இந்த நோயாளியை அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அதே ஆய்வில் இன்னும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. இந்த நோய் வருவதற்கு வேண்டிய மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது தட்டு: சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆக, தெற்கத்தி உடம்புக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கோதுமை குறைவாகப் போவதால் நோயும் குறைவாகத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். சர்க்கரை வந்ததும் ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர், ஹாஸ்டலில் மூன்று வேளையும் ரொட்டி சாப்பிடுகிறவர், டெல்லியிலோ புனேயிலோ பத்து வருடம் வேலை பார்த்தவர் எல்லாரும் அந்த 25 கிராம் சராசரிக்குள் வரமாட்டார்கள். நீங்கள் டாக்டருக்குக் காட்ட வேண்டியது இதைத்தான்: பொதுவான சராசரி உங்களுக்கு ஏன் பொருந்தாது என்பதை.

போவதற்கு முன் ஒரே ஒரு தாள்

வலைத்தளத்தில் எடுத்த பத்துப் பக்கப் பிரிண்டவுட் வேண்டாம். அதைப் பார்த்ததுமே பல டாக்டர்களின் முகம் மாறிவிடும். ஏ4 தாளில் ஒரு பக்கம் போதும், கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

மேலே ரத்தக் கணக்கு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, ஹீமோகுளோபினைத் தேதிவாரியாக எழுதுங்கள். பக்கத்தில் அந்தந்தச் சமயம் சாப்பிட்ட இரும்பு மாத்திரையும் எத்தனை நாள் என்பதும். ஒழுங்காக இரும்பு மாத்திரை சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஒன்று ரத்தம் எங்கோ போகிறது, இல்லை குடல் அதை வாங்கவில்லை. உங்கள் தாளிலேயே கனமான வரி இதுதான். வயிற்று உப்புசத்தைச் சொன்னால் டாக்டர் "கேஸ்" என்று சொல்லிவிட முடியும். ஆறு மாத இரும்புக்குப் பிறகும் 8.4 என்பது 8.7-இல் நிற்பதை அப்படிச் சொல்லிக் கடந்துபோக முடியாது.

அதற்குக் கீழே ஒரு வாரத்துச் சாப்பாடு, கோதுமையை மட்டும் எண்ணி. இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுவார்கள். மைதாவும் கோதுமைதான், ஆக பரோட்டா, பன், பிஸ்கட், பஃப்ஸ் எல்லாம் கணக்கில் சேரும். ரவை, சேமியா, சம்பா கோதுமை ரவை எல்லாம் கோதுமையே. "சம்பா" என்று பெயர் இருப்பதால் அது வேறு தானியம் ஆகிவிடாது. ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானங்களிலும், கால் வீக்கத்துக்குக் குடிக்கும் பார்லித் தண்ணீரிலும் குளூட்டன் உண்டு. இட்லி, தோசை, சோறு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை இவற்றில் இல்லை.

மூன்றாவதாக, கூடவே இருக்கும் மற்றவை. டைப் 1 சர்க்கரை, தைராய்டு, அடிக்கடி வாய்ப்புண், காரணம் தெரியாமல் ஏறியிருக்கும் கல்லீரல் என்சைம், சின்ன வயதிலேயே எலும்புத் தேய்மானம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, முழங்கை, முழங்கால், பின்பக்கம் என்று இரண்டு பக்கமும் ஒரேபோல வரும் அரிப்புக் கொப்புளம். குழந்தை என்றால் உயரமும் எடையும்: பள்ளிக்கூடத்தில் அளந்தது, தடுப்பூசி அட்டையில் எழுதியது, கிடைத்ததெல்லாம். குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை யாருக்காவது சீலியாக் இருந்தால் அதைத் தாளின் முதல் வரியாகவே போட்டுவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இது இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று வரை போகும். தொந்தரவே இல்லாவிட்டாலும் அவர்களைச் சோதிப்பது பற்றி யோசிக்கச் சொல்லும் மருத்துவ வழிகாட்டிகள் உண்டு.

மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், வேகமாக எடை குறைவது இருந்தால் இந்தத் தாளெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே போய்க் காட்டுங்கள்.

அறைக்குள் என்ன சொல்வது

நோயின் பெயரில் தொடங்காதீர்கள். "எனக்கு சீலியாக் இருக்குன்னு நினைக்கிறேன்" என்றால் பதில் "யார் சொன்னது?" என்றுதான் வரும். கணக்கில் தொடங்கி டெஸ்டில் முடியுங்கள்:

"சார், ஆறு மாசமா இரும்பு மாத்திரை விடாம சாப்பிடறேன். 8.4 இருந்தது, இப்ப 8.7. தினமும் ராத்திரி மூணு சப்பாத்தி. டிடிஜி ஐஜிஏவும் டோட்டல் ஐஜிஏவும் ஒரு தடவை பாத்துடலாமா?"

அவ்வளவுதான். இவை சீலியாக்குக்கான இரண்டு ரத்தப் பரிசோதனைகள், விவரம் கீழே. ஒரு குழாய் ரத்தத்தில் முடிகிற விஷயம் என்பது அவருக்கும் தெரியும். இதற்குப் பிறகும் மறுப்பு வந்தால் அது கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

"இது வடநாட்டு வியாதி." மேலே சொன்ன மரபணுக் கணக்கைச் சொல்லலாம். ஆனால் டாக்டரிடம் ஆய்வு பேசுவதைவிட, "நான் சாப்பிடறதும் வடநாட்டுச் சாப்பாடுதான் சார்" என்று தாளைக் காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

"பேதியே இல்லையே, உடம்பும் நல்லாத்தானே இருக்கு?" பெரியவர்களில் கணிசமானவர்களுக்குப் பேதி இருக்காது. மலச்சிக்கலோடு வருகிறவர்கள் உண்டு, குண்டாக இருப்பவர்கள் உண்டு, ரத்தசோகை ஒன்றைத் தவிர வேறு எதுவுமே இல்லாதவர்களும் உண்டு.

"ஐபிஎஸ்தான், டென்ஷன் குறைங்க." ஐபிஎஸ், அதாவது குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிற்றுத் தொந்தரவு தரும் கோளாறு, இருக்கலாம். ஆனால் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஐபிஎஸ் என்று பெயர் வைக்கப்படும் பெரியவர்களுக்கு சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறது. "ஐபிஎஸ்னு எழுதறதுக்கு முன்னாடி இதை மட்டும் இல்லைன்னு பாத்துடலாமே சார்" என்று கேட்பதில் தப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2016-இல் சீலியாக்குக்கு இந்திய வழிகாட்டி வெளியிட்டிருப்பதையும் இங்கே சொல்லலாம்.

"கோதுமையை நிறுத்திப் பாருங்க, சரியானா அதுதான்." அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கோதுமையில் குளூட்டனைத் தவிர ஃபிரக்டன் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அதுவே உப்புசம் தரும். கோதுமையை நிறுத்தினால் அவர்களுக்கும் சுகமாக இருக்கும். ஆக, தேறியது எதையும் நிரூபிக்காது. ஆனால் டெஸ்டைக் கெடுத்துவிடும். இரண்டு நோய்க்கும் வித்தியாசம் பெரிது: ஐபிஎஸ்காரர் கல்யாண வீட்டில் ஒரு பூரி சாப்பிட்டால் ஒரு நாள் உப்புசம், சீலியாக்காரருக்கு ஆயுள் முழுக்கத் துளிகூடக் கூடாது.

ரத்தப் பரிசோதனை

சீட்டில் இருக்க வேண்டியவை இரண்டு: டிடிஜி ஐஜிஏ, டோட்டல் ஐஜிஏ. இரண்டாவதைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். காரணம் எளிது. முதல் டெஸ்ட் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைத் தேடுகிறது. சிலர் உடம்பு ஐஜிஏவையே தயாரிக்காது. சீலியாக் உள்ளவர்களில் 100-க்கு 2, 3 பேர் அப்படி. அவர்களுக்கு நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும் டிடிஜி ஐஜிஏ நெகட்டிவ் என்றே வரும். டோட்டல் ஐஜிஏ மிகக் குறைவாக இருந்தால் ஐஜிஜி வகை டெஸ்டுக்கு, அதாவது டிடிஜி ஐஜிஜி அல்லது டிஜிபி ஐஜிஜிக்கு மாற வேண்டும்.

வெறும் வயிறு தேவையில்லை. டாக்டர் எழுதித் தராவிட்டாலும் பெரும்பாலான தனியார் லேப்கள் நேரில் போய்க் கேட்டால் எடுப்பார்கள். விலை லேபுக்கு லேப் மாறும் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். கவுன்டரில் "சீலியாக் டெஸ்ட்" என்று பொதுவாகச் சொன்னால் பழைய ஆன்டி கிளையடின் டெஸ்டைப் போட்டுவிடும் இடமும் உண்டு. அது நம்பகம் குறைந்தது. பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நூறு உணவுகளுக்கு ஒரே தடவையில் ஐஜிஜி பார்த்துத் தருகிறோம் என்கிற 'ஃபுட் இன்டாலரன்ஸ்' பேக்கேஜ் இதற்கு எந்த விதத்திலும் உதவாது, காசுதான் போகும்.

ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கிட்டுக்கும் அளவு வேறு. ஒரு லேபில் 20 என்பது நார்மலாக இருக்கலாம், இன்னொன்றில் அதுவே வரம்பைப்போல இரட்டிப்பாக இருக்கலாம். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பைப் பார்த்து, அதைப்போல எத்தனை மடங்கு என்று கணக்குப் போடுங்கள். வரம்பைப்போல 10 மடங்குக்கு மேல் என்றால் அது சீலியாக்தானா என்ற சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிடும். 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டிப்படி குழந்தைகளுக்கு இவ்வளவு ஏறியிருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்தத்தில் இஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்பொருள் டெஸ்டும் பாசிட்டிவ் என்றால் எண்டோஸ்கோபி இல்லாமலே முடிவு செய்யலாம். அதைக் குழந்தைகளுக்கான குடல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வரம்புக்குச் சற்று மேலே என்றால் அவசரப்பட வேண்டாம். டைப் 1 சர்க்கரை, கல்லீரல் கோளாறு, சில தொற்றுகளிலும் கொஞ்சம் ஏறும்.

ஸ்டீராய்டோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறு மருந்தோ சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும்.

எண்டோஸ்கோபி: கேட்க வேண்டியதை முன்னாலேயே கேளுங்கள்

"ஸ்கோப் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல்" என்ற ரிப்போர்ட் கையில் இருந்தால் எடுத்துக் கடைசி வரியைப் படியுங்கள். பயாப்சி, அதாவது சதைத் துண்டு, எடுத்தார்களா? எங்கிருந்து? நிறைய ரிப்போர்ட்டில் இரைப்பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து எச் பைலோரி கிருமிக்குப் பார்த்ததாக மட்டும் இருக்கும். அதற்கும் சீலியாக்குக்கும் சம்பந்தமில்லை. சிறுகுடலைக் கேமராவில் பார்க்கும்போது நார்மலாகத் தெரிந்து, சதையில் நோய் இருப்பது சீலியாக்கில் சர்வசாதாரணம்.

எனவே நாள் குறிக்கும்போதே, மயக்க ஊசிக்கு முன்னாலேயே, "பாக்க நார்மலா இருந்தாலும் டியோடினம் பயாப்சி எடுத்துடுங்க சார்" என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை முக்கியம்: டியோடினம் எனப்படும் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது 4 துண்டு, அதற்கு மேலே பல்ப் எனப்படும் இடத்திலிருந்து 1 அல்லது 2. பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும். ஒரே ஒரு துண்டு நல்ல இடத்தில் விழுந்துவிட்டால் போச்சு.

பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் அதில் மூன்று விஷயங்கள் தேடுங்கள்: எத்தனை துண்டு வந்தது, குடலுறிஞ்சிகளின் உயரம் எப்படி, லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு. நூறு மேல்பரப்புச் செல்லுக்கு 25-க்கு மேல் லிம்ஃபோசைட் என்றால் கவனிக்க வேண்டியது. பாதிப்பை மார்ஷ் என்ற அளவுகோலில் எழுதுவார்கள். மார்ஷ் 1 என்பது அந்த எண்ணிக்கை மட்டும் கூடியது. 3ஏ, 3பி, 3சி என்று போகப் போக உறிஞ்சிகள் தேய்ந்து, கடைசியில் தட்டையாகின்றன. "நான்-ஸ்பெசிஃபிக் டியோடினைட்டிஸ்" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால், அதே லேபில் ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, குடல் சதை பார்த்துப் பழகிய வேறொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டலாம். மறுபடி ஸ்கோப் போட வேண்டியதில்லை.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். உறிஞ்சி தேய்ந்திருந்தாலே சீலியாக் என்று நம் பக்கத்தில் சொல்லிவிட முடியாது. தென்னிந்தியாவில் டிராபிக்கல் ஸ்ப்ரூ என்ற நோய் காலகாலமாக உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதிலும் உறிஞ்சிகள் தேயும். ஆனால் அதற்கு மருந்து டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும். ஜியார்டியா தொற்று, குடல் காசநோய், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஒல்மிசார்டன் மாத்திரை இவற்றாலும் இதே படம் வரும். ரத்தத்தில் டிடிஜி பாசிட்டிவ், சதையிலும் மாற்றம் என்று இரண்டும் ஒத்துப்போவது இதனால்தான் இங்கே அவ்வளவு முக்கியம். காசநோயை சீலியாக் என்று நினைத்து மாதக்கணக்கில் சப்பாத்தியை விட்டுக்கொண்டிருந்தால் நிலைமை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரத்தம் கொடுத்தாகிவிட்டது, ஸ்கோப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது என்றால், அந்த மூன்று வாரமும் கோதுமை தொடர வேண்டும். டிடிஜி பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே பயந்து நிறுத்துவதுதான் இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் தப்பு.

ஏற்கெனவே நிறுத்தியிருந்தால்

மறுபடி சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும், டாக்டருக்குத் தெரிந்தே. நைஸ் வழிகாட்டி சொல்வது, டெஸ்டுக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு. நம் கணக்கில்: 30 கிராம் கோதுமை மாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் 5 கிராம், இது போதும். தாங்கவே முடியாதவர்கள் தினம் 3 கிராமோடு இரண்டு வாரமாவது ஓட்டிவிட்டு டெஸ்டுக்குப் போகலாம், முடிந்தால் ஆறு எட்டு வாரம் வரை நீட்டுவது நல்லது. மாவை ஒரு தடவை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள்; நம் வீட்டுச் சப்பாத்தி எவ்வளவு கனம் என்பது கையில் பிடித்தால் தெரியாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும், வேகமாக உயரம் வளரும் பருவத்தில் இருப்பவர்களுக்கும் இதை வீட்டில் தொடங்க வேண்டாம்.

இதுவும் முடியாது என்றால் கடைசி வழி எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணு டெஸ்ட். இதற்குக் கோதுமை சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் இது 'இல்லை' என்று சொல்ல மட்டுமே உதவும். இரண்டும் இல்லாவிட்டால் சீலியாக் கிட்டத்தட்டக் கிடையாது, தேடுவதை நிறுத்திவிடலாம். இருந்தால்? மேலே பார்த்தோமே, மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. "ஜீன் பாசிட்டிவ், அதனால சீலியாக்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டாக்டரை எப்போது மாற்றுவது

ஒரு தடவை கேட்டு மறுத்தால் மாற்ற வேண்டாம். அடுத்த முறை போகும்போது, "வேணாம்னா சரி சார், ஆனா கேட்டேன், இப்ப தேவையில்லைன்னு ஓபி சீட்டில எழுதிடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். எழுத வேண்டி வரும்போது பலருக்கு மனம் மாறும். அப்படியும் இல்லையென்றால் பொது மருத்துவரை விட்டுக் குடல் சிறப்பு மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரைப்பை குடல் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்துப் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே சீட்டு வாங்கிவிடுங்கள்.

போகும்போது பழைய கேஸ் விவரம் கையில் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஒழுங்குமுறை சொல்கிறது. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சீலியாக் என்று உறுதியானால்

குளூட்டன் இல்லாத சாப்பாட்டை அன்றே தொடங்கலாம், ஆயுளுக்கும். சோறும் இட்லியும் இருக்கிற ஊரில் இது வடக்கைவிட எளிது. மாட்டிக்கொள்வது தெரியாத இடங்களில். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். தெருமுனை மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை ஓடியிருந்தால், உங்கள் அரிசி மாவின் முதல் இரண்டு கிலோ அதையும் சேர்த்துத்தான் கொட்டும். பரோட்டா போடும் கல்லில் ஊற்றிய தோசையும் அப்படித்தான். பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் டிடிஜி மறுபடி பார்த்து, இறங்குகிறதா என்று கவனிப்பார்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் ஒரு சுற்று. பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்தியும்.

பிறகு வீட்டில் உள்ள மற்றவர்கள்: அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள். அதே இரண்டு ரத்த டெஸ்ட். ஒருவருக்காக வீடு முழுக்கக் கோதுமையை விடுவது என்று முடிவு செய்திருந்தால், இவர்கள் எல்லாரும் ரத்தம் கொடுத்து முடிக்கும் வரை கோதுமை டப்பாவைக் காலி செய்யாதீர்கள்.